நாறும் என்று விற்கப்பட்ட கேசட்

ஷிகேசாதோ இடோய் ஜப்பானில் விளம்பர வாசகம் எழுதிப் பேர் வாங்கியவர். ஜிப்லி ஸ்டூடியோவின் அனிமேஷன் படங்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒற்றை வரிகள் அங்கே பிரபலம். ‘மை நெய்பர் டொட்டோரோ’ படத்தில் அப்பாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். வாள், டிராகன் எதுவும் இல்லாமல், தொப்பி போட்ட ஒரு பையன் பேஸ்பால் மட்டையோடு ஊர் சுற்றும் ரோல்-பிளேயிங் கேம் ஒன்றை 1989இல் ‘மதர்’ என்ற பெயரில் கொண்டுவந்தார். அதன் இரண்டாம் பாகம் முடிவேனா என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஹால் லேபரட்டரி என்ற கேம் நிறுவனத்தின் சதோரு இவாட்டாவைக் கூப்பிட்டார்கள். இருப்பதைச் சரிசெய்ய இரண்டு ஆண்டு ஆகும், புதிதாக எழுதினால் ஆறு மாதம் போதும் என்றார் அவர். புதிதாகவே எழுதினார்கள். பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரானவர் இந்த இவாட்டாதான்.

1994 ஆகஸ்டில் ‘மதர் 2’ ஜப்பானில் வெளியாகி நன்றாக விற்றது. மறு ஆண்டு ஜூனில் ‘எர்த்பவுண்ட்’ என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளில் இறங்கியது. வழக்கமான சூப்பர் நின்டெண்டோ பெட்டியைவிட மிகப் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே சாம்பல் நிறக் கேசட்டுடன் வண்ண வழிகாட்டிப் புத்தகமும் சேர்த்தே கொடுத்தார்கள். விற்பனைக்கு அவர்கள் பிடித்த வழிதான் விசித்திரம். இந்த கேம் நாறும் என்று விளம்பரம் செய்து, சுரண்டினால் வாடை வரும் அட்டைகளைப் பத்திரிகைகளில் ஒட்டினார்கள். விளம்பரக்காரர் உருவாக்கிய கேமை விளம்பரமே கவிழ்த்தது என்று சொன்னால் மிகையாகாது. எளிமையான படங்களைப் பார்த்து, சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று விமர்சகர்கள் பலர் ஒதுக்கியதும் சேர்ந்துகொண்டது. சுமார் 1,40,000 பிரதிகளோடு விற்பனை நின்றது. ஐரோப்பாவுக்கு அனுப்பவே இல்லை.

அப்புறம் தள்ளுபடி மேசை. வாடகைக் கடைக்குப் போனவற்றின் பெட்டிகள் குப்பைக்குப் போயின. கேசட்டின் முகத்தில் கடை ஸ்டிக்கர் ஏறியது. வீடுகளுக்குப் போனவற்றின் வழிகாட்டியைப் பிள்ளைகள் கிழித்தார்கள். கிழிக்காமல் என்ன செய்வார்கள்? அது படித்துப் பார்த்து விளையாடத் தந்த புத்தகம். இன்று சேகரிப்பவர்கள் கேசட்டைவிட அந்த அட்டைப்பெட்டிக்கும் புத்தகத்துக்கும் கூடுதலாகக் கொட்டிக்கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

1999இல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ கேமில் மரியோ, பிகாச்சுவோடு தொப்பிப் பையன் நெஸ்ஸும் சண்டைக்கு நின்றான். யார் இவன் என்று தேடியவர்கள் பழைய கேசட்டை வந்தடைந்தார்கள். கேட்பவர்கள் பெருகினார்கள், சரக்கோ 1995இல் வந்தது மட்டும்தான். 2013இல் நின்டெண்டோவே இந்த கேமை வீ யூ கருவிக்குத் தரவிறக்கமாக விற்றபோது கேசட்டின் விலை சரியும் என்று எதிர்பார்ப்பது நியாயம். சரியவில்லை. 2022இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான சந்தாவுக்குள்ளேயே வந்துவிட்டது. இன்றும் பெட்டியில்லாத கேசட் 200 டாலருக்கு மேல், பெட்டியும் வழிகாட்டியும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஜப்பானிய ‘மதர் 2’ கேசட்டோ தேடாமலே கிடைக்கும், அதில் சிறு பங்கு விலைக்கு. கேம் ஒன்றேதான், விலை போவது அமெரிக்கத் தோல்வி.

விலை ஏறியதும் போலிகள் வந்தன. கேமுக்குள் திருட்டுப் பிரதியைக் கண்டுபிடிக்கும் பொறி ஒன்று உண்டு. பிரதி என்று தெரிந்தால் எதிரிகளைக் கணக்கில்லாமல் அவிழ்த்துவிடும். அதையும் சமாளித்துக் கடைசிச் சண்டைவரை போனவரை அங்கே உறையவைத்து, சேமித்ததையெல்லாம் அழித்துவிடும். எழுதியவர்களுக்கு என்ன வன்மம்! இன்றைய போலிகள் இந்தப் பொறியைத் தாண்டிவிடுகின்றன. ஆகவே 3.8 மில்லிமீட்டர் திருப்புளியால் கேசட்டைத் திறந்து, சர்க்யூட் பலகையில் நின்டெண்டோ பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விவரமானவர்கள் வாங்குகிறார்கள்.

திறந்தால் இன்னொன்றும் தெரியும்: பலகையில் பற்றவைத்த நாணயம் போன்ற பேட்டரி. விளையாட்டை நிறுத்த நெஸ் அப்பாவுக்கு போன் போட வேண்டும். அப்பா சேமித்து வைப்பார். அந்தச் சேமிப்பை உயிரோடு வைத்திருப்பது இந்த பேட்டரி. தொடக்கத்திலேயே நாலு பிள்ளைகளுக்கும் நாய்க்கும் பெயர் கேட்கும், பிடித்த சாப்பாட்டைக் கேட்கும். எழுதிய சாப்பாட்டைத்தான் நெஸ்ஸின் அம்மா கதையில் சமைத்துத் தருவாள். நடுவில் விளையாடுபவரின் சொந்தப் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். 1996இல் யாரோ ஒரு பையன் எழுதிவைத்த பெயர்கள் பழைய கேசட்டுகளில் இன்னும் கிடைக்கின்றன. பேட்டரிக்கு இருபது முப்பது ஆண்டு ஆயுள். இப்போது ஒவ்வொன்றாகத் தீர்ந்துவருகிறது. வெறுமனே கழற்றி மாற்றினாலும் பழைய பெயர்கள் போய்விடும்.

பிரிக்காத பெட்டியைத் தரம் பார்த்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டி ஏலம்விடும் வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. 2021 ஜூலையில் பிரிக்காத ‘சூப்பர் மரியோ 64’ ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அப்படிப் பூட்டிய எர்த்பவுண்டில் பேட்டரி தீர்ந்தாலும் யாரும் மாற்ற முடியாது. அதை கேம் என்று சொல்வது எனக்குக் கஷ்டம்.

விளையாடும் ஆசை மட்டும் இருந்தால் ஸ்விட்ச் சந்தா போதும், கேசட்டுக்குக் காசைக் கரைக்காதீர்கள். கேசட்தான் வேண்டுமென்றால், உள்பலகையின் படத்தைக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.