பளபளப்பின் வரலாறு: பழைய கார்களும் செல்லுலோஸ் பெயிண்ட்டும்

கார் உடலின் பளபளப்பு, பெயிண்ட் பரப்பு எவ்வளவு சமமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நுண்ணிய மேடுபள்ளங்கள் இருந்தால் ஒளி சிதறி நிறம் மங்கும். அவை நீங்கிவிட்டால் பார்ப்பவரின் முகமே அதில் தெரியும். அதனால் பெயிண்ட் அடிப்பது பாதி வேலை, தேய்ப்பது மறுபாதி. குதிரை வண்டிக் காலத்திலிருந்து இந்த விதி மாறவில்லை. பெயிண்ட்டின் வேதியியலும், அது உலரும் நேரமும், தேய்ப்பவரின் கைப்பொருளும்தான் மாறின.

கோச்சு வண்டிகளுக்குப் பெயர்பெற்ற லண்டன் லாங் ஏக்கர் தெருப் பட்டறைகளில் ஆளிவிதை எண்ணெய் கலந்த வண்ணத்தைத் தூரிகையால் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகு, நுரைக்கல் தூளையும் தண்ணீரையும் கொண்டு தேய்த்துச் சமப்படுத்திவிட்டுத்தான் அடுத்த பூச்சைப் போட்டார்கள். கடைசியில் கோபல் பிசினில் செய்த வார்னிஷ் ஏறியது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவதால், ஒரு வண்டி முடிய வாரங்கள் ஆகும். முதல் தலைமுறைக் கார்களும் இதே முறையில்தான் வண்ணம் பெற்றன.

1913இல் ஹென்றி ஃபோர்டு நகரும் உற்பத்தி வரிசையைத் தொடங்கியபோது இந்தத் தாமதம் பெரிய இடையூறானது. நிலக்கீல் கலந்து, உலையில் சூடாக்கி உலர்த்தும் கறுப்பு எனாமல் விலை குறைவானது, நீடித்து உழைப்பது. 1914 முதல் 1925 வரை மாடல் டி கார் கறுப்பில் மட்டுமே விற்கப்பட்டது.

வண்ணங்களைத் திரும்பக் கொண்டுவந்தது வெடிமருந்துக்கு உறவான ஒரு பொருள். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸைப் புகையற்ற வெடிமருந்துக்காகப் பெருமளவில் தயாரித்து வந்தது. அதன் கரைசல் மிகவும் கெட்டி. தெளிக்கும் பதத்துக்கு நீர்க்கச் செய்தால் பரப்பில் மெல்லிய படலமே தங்கும். 1920இல் நியூ ஜெர்சியின் பார்லினில் இருந்த ஆய்வகத்தில், பொருள் குறையாமலேயே நீர்த்துப்போன ஒரு கரைசல் எதிர்பாராமல் கிடைத்தது. சார்லஸ் கெட்டரிங் தலைமையிலான ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக் குழுவும் சேர்ந்து அதைக் கார் பெயிண்ட்டாக வளர்த்தது. ‘டியூகோ’ என்ற பெயரில் அது 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்ட் காரில் நீல நிறமாக வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்கிலும் பிறகு மணிக்கணக்கிலும் முடிந்தது. தமிழகத்துத் தச்சுப் பட்டறைகளில் இன்றும் ‘டியூகோ அடிப்பது’ என்று சொல்வது இந்தப் பெயரிலிருந்து வந்ததுதான்.

கருவிகளும் அதே காலத்தில் அமைந்தன. ஒஹையோவின் டோலிடோவில் மருந்து தெளிக்கும் கருவி செய்துவந்த டெவில்பிஸ் குடும்பம், 1907இல் ஸ்பிரே கன்னை உருவாக்கியிருந்தது. 3எம் நிறுவனம் 1921இல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய வாட்டர் பேப்பரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் மாதிரிகளுடன் கார் பட்டறைகளுக்குப் போய்வந்த அந்நிறுவன ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, இரட்டை வண்ணம் அடிக்கும் தொழிலாளர்கள் ஓரத்தை மறைக்கப் பட்ட பாட்டைக் கண்டு, 1925இல் மாஸ்கிங் டேப்பைச் செய்தார்.

டியூகோ போன்ற செல்லுலோஸ் லாக்கர் உலர்வதற்கு உலை வேண்டாம். தின்னர் என்ற கரைப்பான் ஆவியானால் போதும். புதுப்பூச்சின் தின்னர் பழைய பூச்சை இளக்குவதால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆகவே வழிந்த இடத்தையும் தூசி ஒட்டிய இடத்தையும் தேய்த்து மீண்டும் அடிக்கலாம். பிரிட்டனில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் வீட்டு ஷெட்டிலேயே இந்த வேலையைச் செய்ய முடிந்தது இதனால்தான். தூசி எழாமலிருக்கத் தரையை நனைத்துவிட்டு, பெயிண்ட்டில் ஏறத்தாழ சம அளவு தின்னர் கலந்து, மெல்லிய பூச்சுகளாகப் பல முறை அடிப்பார்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்தால், ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மை பூத்துவிடும். கன்னிலிருந்து வந்த பூச்சில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு இருக்கும். உள்ளே தங்கிய தின்னர் வெளியேறிப் படலம் சுருங்கி முடிவதற்குச் சில வாரங்கள் விடவேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால், அடியிலிருக்கும் பிரைமரின் கீறல்கள் பிறகு மேலே தெரியும். காத்திருந்து, 1200 எண் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், பரப்பு முழுதும் மங்கிப்போகும். பளபளவென்று எஞ்சும் புள்ளிகள் இன்னும் சமப்படாத பள்ளங்கள். அவையும் மறைந்த பின் 1500, 2000 எண் தாள்கள், ரப்பிங் காம்பவுண்ட், மெழுகு என்று படிப்படியாக ஒளி மீளும்.

தொழிற்சாலைகளுக்கு இந்தக் கைவேலை சுமையாகவே இருந்தது. தேய்க்காமலே ஒளிரும் அல்கைட் எனாமலும், 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் லாக்கரும், பின்னர் கடினப்படுத்தும் பொருள் கலந்த டூ-பேக் பெயிண்ட்டும் வந்தன. 1980களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் அடிப்பது பரவலானது. டூ-பேக்கின் ஐசோசயனேட் துகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். தனிக் காற்றுக் குழாய் பொருத்திய முகமூடி இல்லாமல் அதை அடிக்கக் கூடாது. வீட்டு ஷெட்டுக்கு அது ஏற்றதன்று. செல்லுலோஸ் ஆவியும் எளிதில் தீப்பற்றும், நுரையீரலுக்கும் கேடு. முகமூடியும் காற்றோட்டமும் அதற்கும் கட்டாயம்.

கரைப்பான் ஆவி காற்றை மாசுபடுத்துவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இயற்றிய விதி, 2007 முதல் வாகன மேல்பூச்சுகளில் லிட்டருக்கு 420 கிராம் ஆவியாகும் பொருளை உச்சவரம்பாக்கியது. பழைய செல்லுலோஸ் இந்த வரம்பைத் தாண்டும். வரலாற்று மதிப்புள்ள வாகனங்களைப் புதுப்பிக்கக் குறைந்த அளவில் விற்கவும் வாங்கவும் உறுப்பு நாடுகள் தனி அனுமதி தரலாம் என்று அதே விதி இடம் விட்டது. ஆலைகள் கைவிட்ட லாக்கர், அது முதலில் மின்னிய கார்களுக்காக இந்த விலக்கின் கீழ் தொடர்ந்து கிடைக்க வழி ஏற்பட்டது.