ரிடையர் ஆன பிறகும் இ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு: வருஷத்துக்கு ரூ.120 தான்!

மில், கம்பெனிகளில் வேலை பார்த்து ரிடையர் ஆன பலர், வேலை போனதோடு இ.எஸ்.ஐ. கார்டும் போச்சு என்று வீட்டில் தூக்கிப் போட்டு விடுகிறார்கள். சுகர், பிரஷர் மாத்திரைக்கே மாசாமாசம் கைக்காசு கரைகிறது. ஆனால் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவரும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் தொடர்ந்து வைத்தியம் பார்க்கலாம்.

யாருக்கு கிடைக்கும்?

குறைந்தது 5 வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்தோ வி.ஆர்.எஸ். வாங்கியோ ஓய்வு பெற்றவர்களுக்கு கிடைக்கும். வேலையில் நடந்த விபத்தால் நிரந்தர ஊனமாகி வேலையை இழந்தவர்களும் ஓய்வு வயது வரை இதே தொகை கட்டி சிகிச்சை பெறலாம்.

சம்பளம் 21 ஆயிரத்தை தாண்டியதால் நடுவில் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்து, பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கும் விதியை தளர்த்த 2024 பிப்ரவரியில் இ.எஸ்.ஐ. கழகம் முடிவு செய்தது.

செலவு எவ்வளவு?

மாதம் 10 ரூபாய் கணக்கு. ஒரு வருஷத்துக்கு மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். 20 ஆயிரம் சம்பளக்காரருக்கு வேலையில் இருக்கும்போது 0.75 சதவீதம், அதாவது மாதம் 150 ரூபாய் பிடிப்பார்கள். அந்த ஒரு மாத பிடித்தத்தை விட இந்த ஒரு வருஷ பணம் குறைவு!

எப்படி சேருவது?

ரிடையர் ஆனதற்கு கம்பெனி தரும் சான்றிதழ் முக்கியம். அதோடு இ.எஸ்.ஐ. கார்டு, ஆதார், கணவன்-மனைவி போட்டோவை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு போக வேண்டும்.

இதை கவனிங்க

* கணக்கு முடிக்கும் அன்றே ஓய்வு சான்றிதழை கேட்டு வாங்கி விடுவது நல்லது. கம்பெனியை மூடிவிட்டால் பிறகு அலைச்சல்தான்.

* கம்பெனி மாறினாலும் இ.எஸ்.ஐ. நம்பர் மாறாது. இரண்டு நம்பர் இருந்தால் 5 வருஷ கணக்கு இடிக்கும். வேலையில் இருக்கும்போதே சரி செய்ய வேண்டும்.

* பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும் இதில் சிகிச்சை கிடையாது.

* வருஷம் முடியும் முன்பே அடுத்த 120 ரூபாயை கட்டிவிட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை.