குடகனாற்றுப் படுகையும் நுண்ணுயிர்த் துப்புரவின் எல்லையும்

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கியவர் என்றே ஆனந்த மோகன் சக்கரவர்த்தி (1938–2020) பாடநூல்களில் அறிமுகமாகிறார். தோல் பதனிடும் கழிவால் கெட்ட திண்டுக்கல் சமவெளியின் கிணறுகளை மனத்தில் வைத்து அவருடைய ஆய்வுகளைப் படித்தால், நுண்ணுயிரால் எது தீரும், எது தீராது என்ற எல்லைக்கோடு துலங்கும். அந்தக் கோட்டைப் பொருட்படுத்தாத குரோமியம் ஆய்வுகளால் இவ்வூருக்குப் பயனில்லை என்பதே என் வாதம்.

வங்காளத்தின் சாயிந்தியாவில் பிறந்து, 1965இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார் சக்கரவர்த்தி. பின்னர் அமெரிக்கா சென்று ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் சேர்ந்தார். கற்பூரம், ஆக்டேன், சாலிசிலேட், நாப்தலீன் ஆகியவற்றைச் சிதைக்கும் மரபணுக்கள் ஸ்யூடோமோனாஸ் பாக்டீரியாக்களில் தனித்தனி பிளாஸ்மிட்களில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே இயங்கும் டி.என்.ஏ. வளையங்களில், இருந்தன. அவற்றை ஒரே செல்லில் சேர்க்க முயன்றபோது கற்பூர வளையமும் ஆக்டேன் வளையமும் ஒன்றாகத் தங்க மறுத்தன. புறஊதாக் கதிரைப் பாய்ச்சி இரண்டையும் ஒரே வளையமாக இணைத்தார். 1972இல் அவர் கேட்ட காப்புரிமையை 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் ஏற்றது. ஆனால் அந்தப் பாக்டீரியா எந்தக் கடலிலும் விடப்படவில்லை. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காக் கரையில் படிந்தபோதும், உரமிட்டு அங்கிருந்த பாக்டீரியாக்களையே பெருக்கினார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அவருடைய அடுத்த பணி. 2,4,5-டி என்ற களைக்கொல்லியைச் சிதைக்கும் பாக்டீரியாவை அவரது குழு 1980களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தது. மண்ணில் கலந்த நஞ்சில் பெரும்பகுதியை அது தின்று தீர்த்தது. உணவு தீர்ந்ததும் அதன் எண்ணிக்கையும் சரிந்தது. களைக்கொல்லி கார்பன் சேர்மம் என்பதாலேயே இது நடந்தது. கார்பன் சேர்மத்தை உடைத்து உணவாக்கினால் அந்த நஞ்சு இல்லாமலே போகும். குரோமியம் அப்படியல்ல, அது தனிமம்.

திண்டுக்கல்லின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 80 தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், இயங்குவதாக, மேல் குடகனாற்றுப் படுகையை ஆராய்ந்த தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் 2005இல் எழுதினர். தோல் ஆலைக் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் திண்டுக்கல் மாவட்டம் இடம்பெற்றிருக்கிறது.

பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு, முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடுகிறது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். கடைசியில் டிரம்மில் குரோமியம் சல்ஃபேட். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகும். இது மூன்று இணைதிறன் கொண்ட வடிவம், நச்சுத்தன்மை குறைவு. சூழல் வாய்த்தால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு இதை ஆறு இணைதிறன் கொண்ட கொடிய வடிவமாக மாற்றும். ஸ்யூடோமோனாஸ் போன்றவற்றின் நொதிகள் அதை மீண்டும் மூன்றுக்கு இறக்க வல்லவை. பயனுள்ள வேலைதான், ஆனால் உலோகம் சேற்றிலேயே கிடக்கும். நிலைமை மாறினால் மறுபடி ஏறும். உப்பின் கதை இன்னும் மோசம். எந்த நுண்ணுயிரும் சோடியத்தையும் குளோரைடையும் தின்று தீர்க்காது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டலாகாது. வேறு நீர் இல்லாத இடத்தில் மட்டும் 2,000 வரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. பாறைப் பிளவுகளில் இறங்கிய உப்பை நல்ல மழை நீர்க்கச் செய்யலாம், அவ்வளவே.

ஆகவே உயிரியலுக்குரிய இடம் சாக்கடை முனையைவிடத் தோல் ஷாப்புக்குள்ளேயே அதிகம். சுண்ணாம்பு, சல்பைடுக்குப் பதிலாக நொதிகளால் முடி நீக்கும் முறையைச் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாக ஆய்ந்து வருகிறது. குரோமியத்தை மெக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தலாம். தோலை நனைக்குமுன் உப்பை உதறி எடுத்துவிட்டால் கிணற்றுக்குப் போகும் சுமை அப்போதே குறையும்.

கழிவு மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, சத்துக் குழம்பில் வளர்த்து, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இத்தனை விழுக்காடு குறைந்தது என்று முடிக்கும் ஆய்வேடுகள் போதும். இந்தப் படுகையில் வேலை செய்ய வரும் இளம் ஆய்வாளர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: மொத்தக் குரோமியத்தையும் அளந்து எழுதுங்கள், உண்மையான கழிவுநீரின் உப்பில் உங்கள் உயிரி பிழைத்ததா என்று சொல்லுங்கள், மிஞ்சிய சேறு எங்கே போயிற்று என்பதையும் பதிவு செய்யுங்கள்.