கூரைப் பீலி: துப்புரவும் பாதுகாப்பும்

கூரைப் பீலி என்பது, சாய்கூரையின் இறவாரத்தை ஒட்டி நீளவாக்கில் பொருத்தப்பட்டு, கூரைமேல் விழும் மழைநீரைச் சுவரிலும் அடித்தளத்திலும் சிதறவிடாமல் ஏந்திக்கொண்டு, செங்குத்தான இறங்குகுழாயின் வழியே தரைக்கோ தொட்டிக்கோ கொண்டுசேர்க்கும் திறந்த நீர்வழியாகும். அதனைத் துப்புரவு செய்வது அறிவுக்கோ உடல்வலிமைக்கோ பெரிய சோதனையன்று. அவ்வேலையின் அபாயம் பெரும்பாலும் அது நிகழும் உயரத்திலேயே அடங்கியிருப்பதால், பீலியைப் பற்றிய எந்த ஆலோசனையும் அழுக்கை அகற்றும் உபாயத்தோடு நின்றுவிடாமல், ஏறுபவர் யாராயினும் அவர் பத்திரமாக இறங்குவதற்குரிய ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டாலன்றிப் பூரணமாகாது.

அமைப்பு

நீலகிரி, கன்னியாகுமரி, செங்கோட்டைப் பிரதேசங்களிலும், யாழ்ப்பாணத்திலும், இலங்கை மலையகத்திலும், ஓடும் தகடும் வேய்ந்த சாய்கூரை வீடுகளில் பீலி பெரும்பாலும் காணப்படுகிறது. பாசல் மிஷனார் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து பரவிய தட்டையோடுகள் வேய்ந்த கூரைக்கு நேரான இறவார விளிம்பு அமைவதால், அதன் கீழே பீலியைத் தொங்கவிடுவது எளிது. முற்காலத்தில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை வளைத்துச் செய்யப்பட்ட பீலிகள் இன்று பி.வி.சி., அலுமினியம் ஆகியவற்றாலும் செய்யப்படுகின்றன. நீர் தேங்காமல் ஓடுவதற்காகப் பத்து அடி நீளத்திற்குக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை இறங்குகுழாயை நோக்கிச் சாய்வு கொடுத்து, இரும்புப் பட்டைகளால் அதனைக் கைமரத்தின் முனையிலோ முகப்புப் பலகையிலோ தாங்கி நிறுத்துவர். மொட்டைமாடி வீடுகளில் பீலி இல்லை. ஆனால் அங்குத் தளத்து நீரை வெளியேற்றும் தூம்புவாயும் அதனோடு இணைந்த குழாயும் அதே பணியைச் செய்வதால், அடைப்பைப் பற்றி இங்குக் கூறப்படுபவை அவற்றுக்கும் பொருந்தும்.

கூரை ஏந்தும் நீரின் அளவு பலரும் எண்ணுவதைக் காட்டிலும் மிகுதி. 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் சேரும். வடகிழக்குப் பருவமழையின் உக்கிரமான ஒரு பொழுதில் 50 மில்லிமீட்டர் பெய்யுமானால், 5,000 லிட்டர் நீர் அந்தக் குறுகிய வழியைக் கடந்தாக வேண்டும்.

அடைப்பும் அதன் விளைவுகளும்

மா, பலா முதலியவற்றின் அகன்ற இலைகள் பீலியின் குறுக்கே படிந்து நீரை மறிக்கின்றன. வேம்பு, புளி, முருங்கை ஆகியவற்றின் சிற்றிலைகளோ பீலியின்மேல் இடும் கம்பிவலையின் கண்களுக்குள்ளும் நுழைந்து, ஓட்டிலிருந்து கரைந்துவரும் மண்ணோடும் பாசியோடும் கலந்து சேறாக இறுகுகின்றன. பறவைகளின் எச்சத்தில் வரும் அரச விதையும் ஆல விதையும் அந்தச் சேற்றில் முளைத்து, வேரைச் சுவருக்குள் செலுத்திவிட்டால், பிறகு கொத்தனாரின்றி அவற்றை நீக்க இயலாது.

அடைபட்ட பீலி நிரம்பி வழியும்போது நீர் உள்விளிம்பைக் கடந்து சுவருக்குள் இறங்குவதால், சுண்ணப்பூச்சில் ஓதம் ஏறுவதும், கைமரத்தின் முனை உளுத்துப்போவதும், அடித்தளத்தை ஒட்டிய மண் அரிக்கப்படுவதும் படிப்படியாக நிகழ்கின்றன. பாரத்தையும் கருதவேண்டும்: 12 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் ஆழமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பீலி விளிம்புவரை நிறைந்தால், அதில் 72 கிலோகிராம் நீர் நிற்கும்; ஒரு முழு மனிதனின் எடைக்குச் சமமான இச்சுமையைத் துருவேறிய பட்டைகள் நெடுநாள் தாங்குவதில்லை.

ஆரோக்கியத்தைச் சார்ந்த கேடு இவற்றினும் பெரிது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு, பீலியில் தேங்கும் நீரில் முட்டையிட்டுப் பெருகுகிறது. வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். அதன் முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும் தன்மை உடையவையாதலால், தேங்கிய நீரைக் கொட்டிவிடுவது மாத்திரம் பரிகாரமாகாது. பீலியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் அவசியம்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அவசரச் சட்டத்தினால் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபின், கூரைநீரைக் கிணற்றிலோ தொட்டியிலோ சேர்க்கும் வீடுகளில் பீலியின் சுத்தமே நீரின் சுத்தமாகிவிட்டது. ஆகவே பருவத்தின் முதல் மழைநீரைச் சேகரிக்காமல் வெளியே விட்டுவிடுவது நல்ல வழக்கம்.

உரிய காலம்

ஆண்டிற்கு இருமுறை துப்புரவு செய்வது பொதுவான நியதி. வேம்பு இலையுதிர்த்து முடிந்த பின்னர், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னதாகச் சித்திரை வைகாசியில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகப் புரட்டாசியில் ஒருமுறையும் செய்தல் தகும். கூரைமேல் மரக்கிளை கவிந்திருக்கும் வீடுகளுக்கு இது போதாது. அங்கே கிளையைத் தறித்துவிடுவது, ஏணியில் ஏறவேண்டிய தடவைகளையே குறைத்துவிடும் சிறந்த தடுப்புமுறையாகும். பீலியின்மேல் கம்பிவலை பொருத்துவதும் பயன் தரும். எனினும் வலைமேல் படியும் குப்பையை அகற்றியாக வேண்டுமாகையால், வலையிட்ட பீலிக்குப் பராமரிப்பே வேண்டாம் என்பது தவறான நம்பிக்கை.

ஏணியும் ஏறுதலும்

மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் மனிதன் ஒரு விநாடிக்கும் குறைந்த காலத்தில், மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்தோடு தரையைத் தாக்குகிறான். கையை ஊன்றவும் உடலைத் திருப்பவும் அவகாசமில்லாத அந்தக் கணத்தை நினைவிற்கொண்டே ஏணியின் விதிகள் ஏற்பட்டுள்ளன.

ஏணி சாய்ந்து நிற்கும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம், அதன் அடி சுவரைவிட்டு விலகியிருக்க வேண்டும். 12 அடி உயரத்தில் சாத்தினால், அடி 3 அடி தள்ளி நிற்கவேண்டும். இதனினும் நெருங்கினால் ஏணி பின்புறமாகக் கவிழும். விலகினால் அடி வழுக்கும். ஏணியின் தலையைப் பீலியின்மேல் சாத்துவது பெரும்பிழை. தகடு நசுங்குவதோடு ஏணி பக்கவாட்டில் நழுவவும் கூடும். உறுதியான சுவரிலோ உத்தரத்திலோ அதனைச் சாத்தி, மேல்முனையைக் கயிற்றால் கட்டுதல் முறை. அடிநிலம் மணற்பாங்காயின் அகன்ற பலகை ஒன்றை இட்டு அதன்மேல் நிறுத்தவேண்டுமேயன்றி, செங்கல்லை அண்டக்கொடுத்து உயரத்தைச் சமன்செய்தல் ஆகாது. மூங்கில் ஏணியாயின் கண்டங்களில் விரிசலும், படிகளின் கட்டுகளில் தளர்ச்சியும் உண்டா என்று ஏறுவதற்கு முன் பரிசோதிக்கவேண்டும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கால்களும் ஒரு கையுமோ, இரு கைகளும் ஒரு காலுமோ எப்பொழுதும் ஏணியைப் பற்றியிருத்தல் வேண்டும். எட்டாத இடத்தை எட்டிப் பிடிக்கும் ஆசை விபத்துக்களுக்கு ஒரு முக்கியக் காரணம். ஏறியவரின் தொப்புள் ஏணியின் இரு நெடுங்கால்களுக்கு இடையிலேயே இருக்கவேண்டும் என்பதை அளவுகோலாகக் கொண்டு, அதற்கு அப்பால் உள்ளதைக் கீழே இறங்கி ஏணியை நகர்த்திய பின்பே தொடவேண்டும். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நில்லாமல் தனியே ஏறுவது எவ்விதத்திலும் தகாது.

மின்கம்பி அருகிலிருந்தால் விஷயம் வேறு. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தாழ்மின்னழுத்தக் கம்பி கட்டடத்திலிருந்து மேல்நோக்கி 2.5 மீட்டரும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் விலகியிருக்க வேண்டுமென்று வகுத்தன. ஆயினும் பின்னர் எழுப்பிய மாடிகளாலும் நீட்டிய கூரைகளாலும் அந்த இடைவெளி குறைந்துபோன வீடுகள் பல உண்டு. அத்தகைய இடத்தில் அலுமினிய ஏணி மாத்திரமன்றி, நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்தாரைக் கொண்டு இணைப்பைத் துண்டித்தபின் அன்றி அங்கு வேலை தொடங்கலாகாது.

துப்புரவு செய்யும் முறை

மழையும் காற்றும் இல்லாத, கூரை உலர்ந்த ஒரு காலைப்பொழுதே இதற்கு ஏற்றது. தடித்த கையுறையும், வழுக்காத செருப்பும், மூக்கையும் வாயையும் மூடும் துணியும் வேண்டும். பீலியில் தேளும் பூரானும் ஒதுங்கும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் எலிக்காய்ச்சல் தொற்றவும் கூடுமாகையால், கையில் புண்ணுள்ளவர் இவ்வேலையைத் தவிர்த்தல் நலம். உலர்ந்த பறவை எச்சத்தைச் சற்றே நீர் தெளித்து நனைத்தபின் அள்ளினால் தூசி சுவாசத்திற் புகாது. குளவிக்கூடு கண்ணிற்பட்டால் அதனைத் தாமே கலைக்க முயலாமல், உடனே இறங்கித் தீயணைப்பு மீட்புப் பணியினரை அழைக்கவேண்டும்.

முதலில் இறங்குகுழாயின் வாயருகே உள்ள குப்பையை அள்ளவேண்டும். மாறாக மேல்முனையிலிருந்து நீரைப் பாய்ச்சித் தொடங்கினால், கழிவு முழுவதும் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். சிறு கரண்டியால் அள்ளிய சேற்றை ஏணியில் கொக்கியிட்டு மாட்டிய வாளியில் சேர்த்து, கீழே நிற்பவரிடம் கயிற்றால் இறக்கிவிடலாம். குப்பை நீங்கியபின் பக்கங்களைத் தூரிகையால் தேய்த்து, மேல்முனையிலிருந்து ரப்பர் குழாயால் நீர் விட்டு, அது தடையின்றி ஓடுகிறதா, இணைப்புகளில் கசிகிறதா, எவ்விடத்திலேனும் தேங்குகிறதா என்று கவனிக்கவேண்டும். தேங்கும் இடத்தில் சாய்வு கெட்டுவிட்டது என்று அறியலாம். இறங்குகுழாய் அடைபட்டிருந்தால் கீழ்வாயிலிருந்து வளையும் கம்பியைச் செலுத்தி நெகிழ்த்துவது முறை. தாழ்வான கூரைகளுக்கு, நீண்ட கழியின் நுனியில் கொக்கிபோல் வளைந்த குழாயைப் பொருத்தித் தரையில் நின்றபடியே நீர் பாய்ச்சிக் கழுவுவது, இளகிய குப்பையைப் பொறுத்தவரை ஏணியையே வேண்டாததாக்கும் உபாயம்.

தாமே செய்வதா, பிறரை அமர்த்துவதா

இவ்வினாவிற்கு விடை கூலிக் கணக்கில் இல்லை; கூரை, நிலம், உடல் என்னும் மூன்றிலும் உள்ளது. ஒற்றைத்தளமும், சமமான உறுதியான நிலமும், நல்ல ஏணியும், உடனிருக்கத் துணைவரும் அமைந்து, உயரத்தில் தலைசுற்றாத திடகாத்திரமான ஒருவர், கூரையின்மேல் கால்வைக்க நேராமல் ஏணியில் நின்றபடியே வேலையை முடிக்கக்கூடுமாயின், அதனைத் தாமே செய்துகொள்வதில் தடையில்லை.

மாறாக, வீடு இரண்டு தளங்கள் கொண்டதாயினும், நிலம் சரிவாயினும், கூரைமேல் நடக்கவேண்டி வரினும், மின்கம்பி நெருங்கியிருப்பினும், பட்டைகள் துருப்பிடித்துப் பழுதுபார்க்கும் நிலையிலிருப்பினும் பயிற்சி உடையவரை அழைப்பதே விவேகம். முதியோரும், இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்போரும், நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியோரும், பார்வைத் தெளிவு குறைந்தோரும் முன்பு பலமுறை ஏறிய பழக்கத்தை நம்பி ஏணியில் கால்வைத்தல் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த கூரை யாவருக்குமே தனி அபாயம்: பார்வைக்குத் திண்ணமாகத் தோன்றும் அத்தகடு, வெயிலிலும் மழையிலும் நொய்ந்தபின் ஒருவரின் எடையைத் தாங்காமல் திடீரென உடைந்துவிடும்; அதனை உலர்நிலையில் சுரண்டினால் நுரையீரலுக்குக் கேடான நார்த்தூசியும் எழும்.

அமர்த்துவோரின் கடமை

கூலி கொடுப்பதனால் அபாயம் ஒழிந்துவிடுவதில்லை. அது ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்கு மாறுகிறது என்பதே உண்மை. ஆகவே தம் பிள்ளையை ஏற்றத் துணியாத கூரையில் ஏற்பாடு ஏதுமின்றி இன்னொருவர் பிள்ளையை ஏற்றுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

ஓடு மாற்றுவோர், சாரம் கட்டி வேலைசெய்யும் வண்ணப்பூச்சாளர், பிளம்பர் ஆகியோர் இதற்குத் தக்கவர். தென்னை ஏறுவோரையே இதற்கும் அழைப்பது பல ஊர்களில் வழக்கம். ஆனால் மரத்தைத் தழுவி ஏறும் திறமை வேறு, தழுவுவதற்கு ஒன்றுமில்லாத சாய்கூரையில் நிலைகொள்ளும் திறமை வேறு. சொந்த ஏணியும், கயிறும், ஐ.எஸ். 3521 தரக்குறியுள்ள பாதுகாப்புக் கச்சையும் உண்டா என்றும், அக்கச்சையை எதனோடு பிணைப்பார் என்றும் முன்னரே கேட்டறிய வேண்டும். ஓட்டின்மேல் நடக்க நேர்ந்தால், கைமரங்களின்மேல் பாரம் பரவும்படி பலகை இடச்செய்யவேண்டும். குப்பையை அகற்றிச் செல்வதும், நீர்விட்டுச் சோதித்துக் காட்டுவதும் கூலிக்குள் அடங்குமா என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது இருதரப்புக்கும் நன்று. இரண்டாம் ஆளின் கூலியைக் குறைப்பதற்காக ஒருவரையே தனியே ஏறச்சொல்வதும், மழை தூறத் தொடங்கியபின் ‘சீக்கிரம் முடியுங்கள்’ என்று அவசரப்படுத்துவதும், சிறுவரைக் கூரையில் ஏற்றுவதும் ஒருபோதும் செய்யத்தகாதவை.

சில வீடுகளில் இறங்குகுழாய் கழிவுநீர்த் தொட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். அடைப்பு அங்கே உள்ளதென்று கண்டால் எவரையும் உள்ளே இறக்கலாகாது. பாதுகாப்புச் சாதனங்களின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. உறிஞ்சு வாகனத்தை அழைப்பதே ஏற்ற வழி.

எவரேனும் தவறி விழுந்துவிட்டால், முதுகெலும்பிற் காயம் இருக்கக்கூடுமாகையால் அவரைத் தூக்கி உட்காரவைக்காமல், கழுத்தை அசைக்காமல் கிடத்தியபடியே, தமிழ்நாட்டில் 108 எண்ணிற்கும் இலங்கையில் 1990 எண்ணிற்கும் அழைத்து அவசர ஊர்தியை வரவழைக்கவேண்டும். பீலியில் இன்னும் ஒரு வாரம் குப்பை கிடப்பதால் விளையும் நஷ்டத்தை எந்தக் கொத்தனாரும் பின்னர் ஈடுசெய்துவிடலாம். ஆதலின் ஏணியிலோ, வானிலையிலோ, ஏறுபவரின் உடல்நிலையிலோ சிறிது ஐயம் தோன்றினும் அன்றைக்கு வேலையை ஒத்திவைக்கும் அதிகாரம் வீட்டாருக்கு இருப்பதுபோலவே பணியாளருக்கும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது, அமர்த்துவோரின் முதற்கடமையாகும்.