ஒரு யூனிட், 656 ரூபாய்: ரீடிங் எடுக்காம வந்த பில்லின் கதை

எங்க வீட்டு ஈபி வெள்ளை அட்டையை அம்மா இன்னும் பத்திரமா வெச்சிருக்காங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு வரி: தேதி, ரீடிங், யூனிட், தொகை. 2020-இல் மட்டும் ஒரு வரி காணோம். டேட்டாபேஸில் வேலை பார்க்கிறவனுக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தா சும்மா இருக்க முடியாது. இன்னைக்கு அதோட கதைதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1882-இல் எடிசன் நியூயார்க்கில் மின்சாரம் விற்க ஆரம்பிச்சார். அவரோட மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. துத்தநாகக் கரைசல், அதுக்குள்ள ரெண்டு துத்தநாகத் தகடு. கரண்ட் ஓட ஓட ஒரு தகடு கரைஞ்சு இன்னொண்ணில் படியும். கம்பெனி ஆள் தகட்டை எடுத்துட்டுப் போய் எடை போட்டு பில் போடுவார். வீட்டுக்காரருக்குச் சரிபார்க்க வழியே கிடையாது.

அப்புறம் எண் காட்டும் மீட்டர்கள் வந்தன. இப்போ வீட்டுக்காரரும் பார்க்கலாம். ஆனா ஒரு சிக்கல் மிச்சம்: கம்பெனி சார்பில் யாராவது நேரில் வந்து பார்க்கணும். வீடு பூட்டியிருந்தா? பழைய கணக்கை வெச்சு ஓர் உத்தேசத் தொகை. மீட்டர் எதையும் மறக்காது, அடுத்த ரீடிங்கில் மொத்தம் சரியாகிடும். தொலையுறது ஒண்ணே ஒண்ணுதான்: எந்த யூனிட்டை எப்போ செலவு செஞ்சோம் என்ற விவரம்.

2020 மார்ச் 25, ஊரடங்கு. தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு நின்னது. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னாங்க. அது குளிர்கால பில். நாமளோ கோடையில், வொர்க் ஃப்ரம் ஹோமில், ஏசி ஓட உட்கார்ந்திருந்தோம். பிறகு நாலு மாச யூனிட்டை ரெண்டாப் பிரிச்சு, தனித்தனியா கட்டணம் போட்டு, கட்டின தொகையைக் கழிச்சாங்க.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அன்றைய கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசு. 500-ஐத் தாண்டினா கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறும்.

ஒரு கற்பனை வீடு: முதல் ரெண்டு மாசம் 450, அடுத்தது 600. உண்மைக் கணக்கு 3,420 ரூபாய். சரிபாதியாப் பிரிச்சா 525, 525. ரெண்டுமே 500-க்கு மேல. பில் 3,890. இதுவே 350, 630 யூனிட் ஓட்டின வீடுன்னா 490, 490 ஆகி 1,118 ரூபாய் லாபம். அதே ஃபார்முலா, ஒருத்தருக்குப் பரிசு, இன்னொருத்தருக்கு அபராதம்.

விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போச்சு. ஜூலையில் மனு தள்ளுபடி. ஆனா 2021 மே ஊரடங்கில் முறை மாறுச்சு. 2019 மே மாசத் தொகையைக் கட்டலாம், அதாவது அதே கோடை, ஊரடங்கு இல்லாத வருஷம். இல்லைன்னா மீட்டரை நாமே போட்டோ எடுத்து அனுப்பலாம்.

எடிசன் காலத்தில் கம்பெனி மட்டுமே படிக்க முடிஞ்ச மீட்டரை இப்போ நாமும் படிக்கலாம். அதனால கணக்கெடுக்க வர்ற நாளில் வீடு பூட்டியிருந்தா, தேதியோட ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. தொலைஞ்ச அந்த ‘எப்போ’வுக்கு அதுதான் சாட்சி. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.