நவோதயா வராத மாவட்டம்

நல்லா படிக்கிற பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்து, அரசே தனிப் பள்ளியில் படிக்க வைக்கலாமா? இந்தக் கேள்வியை இன்றைக்குத் தருமபுரியில் நின்று பார்ப்போம். ஏன் தருமபுரின்னா, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் அதுதான். 68.5 சதவீதம். பத்தில் எட்டுப் பேர் கிராமத்துக்காரங்க.

1986இல் ராஜீவ் காந்தி அரசு தேசியக் கல்விக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதில் வந்ததுதான் நவோதயா பள்ளி. மாவட்டத்துக்கு ஒன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு. தேறினால் ஆறாம் வகுப்பில் இருந்து தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். முக்கால்வாசி இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. பென்னாகரத்தையும் அரூரையும் மனசில் வைத்தே எழுதின மாதிரி இருக்கும்.

ஆனால் வரலை. காரணம் இந்தி. சில வருஷம் தாய்மொழியில் படிப்பு, பிறகு கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில், சமூக அறிவியல் இந்தியில் என்பதுதான் அன்றைய திட்டம். அதனால் எதிர்ப்பை வெறும் அரசியல்னு தள்ளிவிட முடியாது. 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சட்டமன்றம் இந்திக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அதே மாதம் தி.மு.க.வினர் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரித்தார்கள். கருணாநிதி கைதானார். க. அன்பழகன் உட்பட பத்து எம்.எல்.ஏ.க்களின் பதவி போனது. அதற்கப்புறம் நவோதயா இல்லாத ஒரே மாநிலமாகத் தமிழ்நாடு நின்றது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பள்ளி தொடங்க வழிவிடச் சொன்னது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அது தனிக் கதை.

எனக்கு உறுத்துவது வேறு. இவ்வளவு சத்தத்தில், பத்து வயசுப் பிள்ளையை ஒரே தேர்வில் பிரிப்பது சரியா என்ற பேச்சு மொழிச் சண்டைக்குள் அமுங்கிப்போச்சு.

தமிழ்நாடு பொறுக்காமலா இருந்தது? ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஞாபகம் இருக்கிறவங்க இருப்பீங்க. ஒன்பதாம் வகுப்பில் எழுதணும். மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். பிளஸ் டூ வரைக்கும் வருஷம் 1,000 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் தேறின பிள்ளை தன் ஊர்ப் பள்ளியிலேயே, அதே பெஞ்சிலேயே இருந்தது. பக்கத்துப் பிள்ளை அதனிடம் கணக்குக் கேட்கலாம்.

2021க்குப் பிறகு வந்த மாதிரிப் பள்ளிகள் இந்த வழக்கத்தை மாற்றின. இன்றைக்கு 38 மாவட்டத்திலும் இருக்கு, தருமபுரியிலும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை விடுதியில் தங்கவைத்து, ஐ.ஐ.டி. மாதிரி இடங்களுக்குத் தயார் செய்கிறார்கள். இந்தி கிடையாது, மாநிலப் பாடத்திட்டம். மற்றபடி நவோதயாவின் சாயல்தான்.

இது தேவையில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நாமக்கல், தருமபுரிப் பக்கம் தனியார் விடுதிப் பள்ளிகளை ‘பிராய்லர் பள்ளி’னு கிண்டல் பண்ணுவோம். அங்கே கட்டப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய கதவு. நாம் கேட்க வேண்டியது, அந்தப் பிள்ளை கிளம்பிப் போன வகுப்பைப் பற்றி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முதல் இரண்டு பேர் போய்விட்டால், மிச்சம் இருக்கிற முப்பது பேருக்கு நல்ல இயற்பியல் ஆசிரியரை யார் கேட்டு வாங்குவார்கள்?

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.