ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 'படபட' சத்தம்... ஸ்போர்ட்ஸ் கார் சைலன்சருக்குள் வெடிப்பது என்ன?

ஹூண்டாய் ஐ30 என், ஜாகுவார் எஃப் டைப் மாதிரியான கார்களின் வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாகியிருக்கும். வேகம் எடுக்கும்போது உறுமல். டிரைவர் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்த அடுத்த நொடி, பின்னால் 'பட்... படபட... டப்' என்று சரவெடியைக் கொளுத்திப் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

யோசித்தால் இது கொஞ்சம் விசித்திரம்தான். காலை எடுத்துவிட்டால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறைய வேண்டும், சத்தமும் அடங்க வேண்டும். அப்புறம் எதுங்க வெடிக்குது?

பெட்ரோல்தான். ஆனால் எரிய வேண்டிய இடத்தில் எரியாமல், வேறு இடத்தில் எரிகிறது.

சிலிண்டருக்குள் எரிய வேண்டியது வெளியே எரிந்தால்..?

பெட்ரோல் இன்ஜினில், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் தீப்பொறியைக் கொடுத்துவிடும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். எரிந்து முடிந்த புகைதான் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே போகும்.

இப்போது நாம் ஓட்டும் சாதாரண கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டால், இசியூ எனப்படும் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அப்படியே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். உள்ளே போவதும் காற்று, வெளியே வருவதும் காற்று. அதனால்தான் இறக்கத்தில் நம்ம கார் சத்தமில்லாமல் இறங்குகிறது. பெட்ரோலும் மிச்சம்.

பெர்ஃபார்மன்ஸ் கார்களில் ஸ்போர்ட் மோடு போட்டால் கதை மாறும். காலை எடுத்த பிறகும் இசியூ கொஞ்சம் பெட்ரோலை உள்ளே விடும். கூடவே தீப்பொறியைத் தாமதப்படுத்தும். பிஸ்டன் மேலே போய், திரும்பிக் கீழே இறங்கிக் கொண்டிருக்கும்போதுதான் நெருப்பே பற்றும். எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பாதி எரிந்தும் எரியாமலும் இருக்கும் கலவை, ஏற்கெனவே கொதிக்கும் குழாய்க்குள் பாய்ந்து அங்கே எரியும். அந்த அழுத்த அலைதான் நம் காதில் 'டப்' என்று விழுகிறது. இப்படி ஓடும்போது சைலன்சரில் உள்ள ஒரு வால்வும் பல கார்களில் திறந்துகொள்ளும். சத்தம் தடையில்லாமல் வெளியே வரும்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதற்கு யாரும் புரோகிராம் எழுதவில்லை. காலை எடுத்தாலும் கார்புரேட்டரால் பெட்ரோலை முழுசா நிறுத்த முடியாது. அரைகுறையாக எரிந்த கலவை சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கும். ஓடும் புல்லட்டில் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்து 'டமார்' சத்தம் எழுப்புகிறார்களே, அதுவும் இதே வித்தைதான். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும், தீப்பொறி மட்டும் இருக்காது. எரியாத பெட்ரோல் குழாயில் சேர்ந்து, சாவியைத் திரும்பப் போட்டதும் மொத்தமாக வெடிக்கும்.

ரேஸில் இது ஸ்டைலுக்காக வந்ததில்லை

சத்தத்துக்காக இதை யாரும் முதலில் கண்டுபிடிக்கவில்லை. பந்தயத்தில் அதற்கு வேலை இருந்தது.

டர்போ இன்ஜினில், வெளியேறும் புகைதான் டர்போவைச் சுற்றவைக்கும். ரேலி பந்தயத்தில் வளைவுக்கு முன்னால் டிரைவர் காலை எடுத்தால் புகை குறையும், டர்போவின் வேகமும் குறையும். வளைவைத் தாண்டி மறுபடி மிதித்தால், டர்போ வேகம் பிடிக்கும்வரை கார் மந்தமாக இருக்கும். இதற்கு டர்போ லேக் என்று பெயர். அதைத் தவிர்க்க, காலை எடுத்த பிறகும் காற்றையும் பெட்ரோலையும் அனுப்பி, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயிலேயே எரிய வைத்தார்கள். அந்த வெடிப்பின் வேகத்தில் டர்போ சுற்றிக்கொண்டே இருக்கும். இதுதான் ஆன்ட்டி லேக். 1990-களின் ரேலி வீடியோக்களில் கார்கள் ஒவ்வொரு வளைவிலும் தீயைக் கக்கிக்கொண்டு வெடித்ததற்குக் காரணம் இது. பல பாகங்களின் ஆயுசைக் காவு வாங்கும் வித்தைதான், ஆனால் பந்தய அணிகளுக்கு அது ஏற்கெனவே கணக்கில் எழுதிவிட்ட செலவு.

ஃபார்முலா 1-லும் இது நடந்தது. 2011-ல் முன்னணி அணிகள், டிரைவர் காலை எடுத்த பிறகும் எக்ஸாஸ்ட் புகையைக் காரின் அடிப்பகுதியில் உள்ள டிஃப்யூசரை நோக்கிப் பாய்ச்சின. அதனால் கார் தரையோடு அழுந்தி வளைவைக் கடந்தது. காலை எடுத்த பிறகும் கேட்ட அந்தக் கரகர சத்தம் அப்படி வந்ததுதான். அந்த ஆண்டு சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் மட்டும் இதற்குக் கடிவாளம் போட்டார்கள். அந்த ஒரு பந்தயத்தில் ஃபெராரியின் அலோன்சோ ஜெயித்தார். அடுத்த பந்தயத்திலேயே பழைய விதி திரும்பியது. 2012-ல்தான் முழுதாகக் கட்டுப்படுத்தினார்கள்.

ரோட்டில் ஓடும் ஐ30 என் காருக்கு இந்த அவசியம் எதுவும் கிடையாது. அதில் வருவது ஓட்டுபவரின் சந்தோஷத்துக்காகச் சேர்த்த சத்தம்.

சத்தம் கேட்குது, ஆனா ஸ்போர்ட்ஸ் கார் இல்லையா? கவனம்!

நம்மில் பலருக்கு உண்மையில் தேவைப்படும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் சாதாரண பெட்ரோல் கார், இத்தனை நாள் இல்லாமல் திடீரென்று வேகம் குறையும்போது 'பட் பட்' என்றால் அது கெத்து இல்லை, கோளாறு. பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாய் இணையும் இடத்தில் கேஸ்கெட் போயிருக்கும். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், மிச்சமிருக்கும் பெட்ரோலைப் பற்றவைக்கும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பழுதாகி இருக்கலாம். இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே சத்தம் வரும்.

வேகம் எடுக்கும்போதும் வெடித்தால், பெட்ரோல் வாடை வந்தால், இன்னும் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓட்டவே வேண்டாம்.

காரணம், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர். தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். அதன் விலை என்ன என்று சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மயக்கம் வராமல் இருந்தால் சரி.

காசு கொடுத்து 'பாப்ஸ் அண்ட் பேங்ஸ்' ரீமேப் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கம்பெனி கார் தயாரிக்கும்போது, எவ்வளவு பெட்ரோல், எத்தனை நொடி, குழாய் எவ்வளவு சூடு தாங்கும் என்று சோதித்துத்தான் அளவு வைக்கும். சூடு ஏறினால் இசியூவே வெடிப்பை நிறுத்திக்கொள்ளும்படி செய்ய முடியும். லேப்டாப்பை மாட்டி அரை மணி நேரத்தில் சாஃப்ட்வேர் மாற்றும் கடையில் அந்தச் சோதனை எல்லாம் நடப்பதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு, டர்போ, கேடலிட்டிக் கன்வெர்ட்டர் மூன்றும் சூட்டை வாங்கும். இன்ஜின் வாரன்ட்டிக்கும் சிக்கல் வரும். எங்களைக் கேட்டால், அந்தக் காசுக்கு நல்ல டயர் போடலாம்.

போலீஸ் பிடிக்குமா?

பிடிக்கும். கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே இருந்தாலும் தப்ப முடியாமல் போகலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கார் எக்ஸாஸ்ட்டுக்கு 95 டெசிபல் வரம்பு. அங்கே சாக்ரமெண்டோவில், எந்த மாற்றமும் செய்யாத ஹூண்டாய் எலான்ட்ரா என் காருக்குச் சத்தத்துக்காக போலீஸ் டிக்கெட் கொடுத்தது 2023-ல் பெரிய செய்தியானது.

இந்தியாவில் சட்டம் இன்னும் நேரடியானது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை அளவை மீறினால் 190-வது பிரிவு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ வரலாம். லைசன்ஸும் 3 மாதத்துக்குப் போகும்.

ஐரோப்பாவில் இந்தச் சத்தம் ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டது. 2018-ல் மாசு விதிகள் இறுகியதால் பல பெட்ரோல் கார்களின் எக்ஸாஸ்ட்டில் துகள் வடிகட்டி வந்து உட்கார்ந்தது. அதுவே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. ஹூண்டாயின் எலெக்ட்ரிக் காரான ஐயோனிக் 5 என்-இல் எக்ஸாஸ்ட் குழாயே கிடையாது. ஆனாலும் மோடு மாற்றிவிட்டு காலை எடுத்தால் 'படபட' கேட்கும். ஸ்பீக்கரில் இருந்து!